பாரிஸ் நேரம் காலை 10 மணி என்றால் நமக்கு எத்தனை மணி? தேடுபொறி ஒன்று சொல்கிறது, நண்பர் வேறொன்று சொல்கிறார்

லாஸ்பேட்டை வாசகி
7 அக்டோபர் 2025, இரவு 8.12

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பாரிஸில் உள்ள ஒரு கல்லூரியில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். காணொலி வழியாக நேர்முகத் தேர்வு நடத்துவதாகவும், அது அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, பாரிஸ் நேரம் காலை 10 மணிக்குத் தொடங்கும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் வராதவராகக் கருதப்படுவார் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

கூகுளில் “டென் ஏ.எம். பாரிஸ் டைம் இன் இண்டியா” என்று தட்டினேன். பிற்பகல் 1.30 என்று பெரிய எழுத்தில் பதில் வந்தது. ஆனால் சென்ற ஆண்டு இதே போன்ற தேர்வை எழுதிய அவனுடைய நண்பர், 2.30 மணிக்குத்தான் உட்கார வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறார். மகன் வேலை பார்க்கும் இடத்தில் அரை நாள் விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதால், எது சரி என்று தெரிந்தாக வேண்டும். தேடுபொறி கூடவா தவறாகச் சொல்லும்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. சான்றிதழ்களைப் பதிவேற்றுவதற்குக் கடைசி நேரம் “அக்டோபர் 26, 23.59, பாரிஸ் நேரம்” என்று போட்டிருக்கிறார்கள். அது நமக்கு எந்தத் தேதி?

---

மஞ்சக்குப்பம் இரவுப்பணி
7 அக்டோபர் 2025, இரவு 8.40

அம்மா, நண்பர் சொன்னதுதான் சரி. அக்டோபர் 28 அன்று பாரிஸில் காலை 10 மணி ஆகும்போது நமக்குப் பிற்பகல் 2.30. விடுப்புக் கடிதத்தில் அதையே எழுதச் சொல்லுங்கள்.

தேடுபொறி பொய் சொல்லவில்லை. நீங்கள் தேதி குறிப்பிடாமல் கேட்டதால், இன்றைய தேதியை வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. இன்று பிரான்சில் கோடைக்கால நேரம் நடக்கிறது; அதாவது கோடை மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இந்த மாதம் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அதன் பிறகு வித்தியாசம் நான்கரை மணி நேரம். தேர்வு அதற்கு இரண்டு நாள் கழித்து வருகிறது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

நான் கடலூரில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் குழுவில் யாராவது ஒருவர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

---

வில்லியனூரான்
7 அக்டோபர் 2025, இரவு 9.25

இதற்கு இவ்வளவு விளக்கம் தேவையா என்று தோன்றுகிறது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பாரிஸ் புறநகரில் இருக்கிறார்கள். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (படைவீரராக) இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் மனக்கணக்குத்தான். “மூன்றரை கூட்டு” என்று பாட்டியே சொல்லுவார். கோடை முடிந்தால் நான்கரை. இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தத் தளத்தையும் தேட வேண்டியதில்லை. கைப்பேசியில் உலகக் கடிகாரமும் இருக்கிறது; அதில் பாரிஸைச் சேர்த்து வைத்தால் எப்போதும் சரியான நேரம் கண்ணெதிரே நிற்கும்.

---

புவியியல் ஆசிரியர் (ஓய்வு), முத்தியால்பேட்டை
8 அக்டோபர் 2025, காலை 6.50

வில்லியனூர் நண்பர் சொல்வது உறவினருக்குத் தொலைபேசியில் பேசுவதற்குப் போதும். உலகக் கடிகாரம் இந்த நிமிடத்து நேரத்தைத்தான் காட்டும். மூன்று வாரம் கழித்து வரவிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அம்மையார் கேட்டிருப்பது வருங்காலத்து நேரம். ஆகவே கேள்வியிலேயே தேதி இருந்தாக வேண்டும்.

மனக்கணக்கிலும் ஒரு இடுக்கு இருக்கிறது. எண்கள் இரண்டு என்பது சரி, ஆனால் எந்த எண் எந்த நாளிலிருந்து என்பதையும் நினைவில் வைக்க வேண்டுமே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கோடைக்கால நேரம் தொடங்கி, அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று முடிகிறது. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. இரண்டும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதால், இடைப்பட்ட சில வாரங்களில் எல்லாருடைய மனக்கணக்கும் ஆட்டம் காணும். 2026ஆம் ஆண்டில் மார்ச் 8 அன்று நியூயார்க் மாறிவிடும். பாரிஸ் மார்ச் 29 அன்றுதான் மாறும். அந்த மூன்று வாரங்களும் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான ஆறு மணி நேரம் ஐந்தாகக் குறைந்திருக்கும். நாமோ ஆண்டு முழுவதும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. மாற்றம் எல்லாம் அங்கேயே நடப்பதால்தான் இங்கிருப்பவர்களுக்கு அது கண்ணில் படாமல் போகிறது.

இந்த வழக்கத்தையே நிறுத்திவிட வேண்டும் என்று 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்தது. உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு ஏற்படாததால் அது நடைமுறைக்கு வரவில்லை. “ஐரோப்பாவில் கோடை நேரத்தை நிறுத்திவிட்டார்களே” என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறேன். அந்தப் பழைய செய்தியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கருவி எதுவானாலும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அனைத்துலக நேரமான யூ.டி.சி.யை நடுவில் வைத்து இரண்டு அடியாகப் போங்கள். குளிர்காலத்தில் பாரிஸ் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே 10 மணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் யூ.டி.சி. 9 மணி. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கூட்டினால் பிற்பகல் 2.30. நேரடியாகக் கூட்டிக் கழிக்கும்போது கூட்டுவதா கழிப்பதா என்றே தடுமாறுகிறவர்கள்கூட இந்த இரண்டு அடியில் தவறுவதில்லை என்பதை வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

---

மஞ்சக்குப்பம் இரவுப்பணி
8 அக்டோபர் 2025, காலை 9.05

ஆசிரியர் ஐயா சொன்னதோடு, தேடும் முறையைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். இவை நாள்தோறும் கைக்கு வருகிறவை.

தேதியோடு கேட்பதற்கு வசதியான இடம், டைம் அண்ட் டேட் போன்ற தளங்களில் உள்ள நேர மாற்றிப் பக்கம். அங்கே ஊருக்கு ஒரு பெட்டி, தேதிக்கு ஒரு பெட்டி, மணிக்கு ஒரு பெட்டி எனத் தனித்தனியாக இருக்கும். பாரிஸ், 28 அக்டோபர், 10.00 என்று கொடுத்துப் புதுச்சேரியையோ சென்னையையோ மறுபக்கத்தில் சேர்த்தால் 2.30 என்று வரும். அதே பக்கத்தில் தேதியை மட்டும் 24க்கு மாற்றிப் பாருங்கள், 1.30 ஆகிவிடும். இதைக் கண்ணால் ஒரு முறை பார்த்தால் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கூகுள் நாள்காட்டி வைத்திருப்பவர்களுக்கு அதைவிட எளிது. நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது நேரத்தின் பக்கத்திலேயே நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. பாரிஸ் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துக் காலை 10 மணி என்று அப்படியே எழுதிவிடுங்கள். மாற்றுகிற வேலையை நாள்காட்டி செய்துகொண்டு நம் நேரத்தில் 2.30 என்ற கட்டத்தில் உட்கார வைக்கும். நாமே மாற்றி எழுதாமல், கடிதத்தில் இருந்ததை இருந்தபடி பதிவதால் பிழை நுழைய இடமில்லை.

தேடலில் ஊரின் பெயரைத் தட்டுங்கள்; மூன்றெழுத்துச் சுருக்கங்களைத் தட்டாதீர்கள். என் வேலையில் இது பெரிய தொல்லை. ஜூலை மாதத்தில் அமெரிக்காவிலிருந்து “9 ஏ.எம். ஈ.எஸ்.டி.” என்று மின்னஞ்சல் வருகிறது. எழுதியவர் மனத்தில் நியூயார்க்கில் அப்போது நடக்கும் நேரம் இருக்கிறது. அது நமக்கு மாலை 6.30. ஆனால் ஈ.எஸ்.டி. என்பது முறைப்படி குளிர்கால நேரத்தின் பெயர். அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் கருவி 7.30 என்று பதில் தரும். நம்முடைய ஐ.எஸ்.டி.யும் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. அயர்லாந்தின் கோடைக்கால நேரத்துக்கும் இஸ்ரேலின் நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். சி.எஸ்.டி. என்றால் அமெரிக்காவின் நடுப்பகுதியா, சீனாவா என்று முடிவு செய்ய முடியாது. நியூயார்க், டப்ளின், ஷாங்காய் என்று ஊரைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

தேடல் பக்கத்தின் உச்சியில் இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பத்தியும் வருகிறது. விளக்கமாக எழுதுகிறது என்பதாலேயே அதை நம்பிவிட வேண்டாம். எந்தத் தேதியை, எந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டது என்பதை அந்தப் பத்திக்குள் தேடிப் பாருங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் அந்தப் பதிலை ஒதுக்கிவிடுவேன்.

---

ரீயூனியன் தீவு மருமகன்
8 அக்டோபர் 2025, மாலை 5.30

“பிரான்ஸ் நேரம்” என்று தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்சுக்கு ஒரே நேரம் இல்லை. கடல் கடந்த பகுதிகளையும் சேர்த்தால் உலகத்திலேயே அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு அது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பல ரீயூனியனில் இருக்கின்றன. அங்கே கோடை நேரமே கிடையாது; ஆண்டு முழுவதும் யூ.டி.சி.க்கு நான்கு மணி நேரம் முன்னால். ஆகவே நமக்கும் அவர்களுக்கும் எப்போதும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். கரீபியன் தீவுகளான குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் யூ.டி.சி.க்கு நான்கு மணி நேரம் பின்னால். நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேரம். அங்கிருந்து வரும் கடிதத்தில் “பிரான்ஸ் நேரம்” என்றிருந்தால் எந்த ஊர் நேரம் என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

---

திருப்பாப்புலியூரான்
8 அக்டோபர் 2025, இரவு 10.15

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கடலூரில் ஜாதகம் கணிப்பவன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஜாதகம் கேட்டுப் புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் அதிகம். பிறந்த நேரத்தை மாற்றுவதில் வரும் பிழை, நேர்முகத் தேர்வைத் தவறவிடுவதைவிடவும் நீண்ட காலம் குடும்பத்தில் தங்கிவிடுகிறது. லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறக்கூடியது. ஒரு மணி நேரம் பிசகினால் பாதிப் பிள்ளைகளுக்கு லக்னமே வேறாகிவிடும்.

பலர் இன்றைய வித்தியாசத்தைத் தேடி, அதையே இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பிறப்புக்கும் பொருத்திவிடுகிறார்கள். விதி எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்டிருந்த கோடைக்கால நேரம் 1976ஆம் ஆண்டு திரும்ப வந்தது. 1970 ஜூலையில் பிறந்தவருக்கு யூ.டி.சி. காண ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். 1980 ஜூலையில் பிறந்தவருக்கு இரண்டு மணி நேரம். அடுத்தது இன்னும் நுட்பமானது. 1979 முதல் 1995 வரை பிரான்சில் கோடை நேரம் செப்டம்பர் கடைசி ஞாயிறன்றே முடிந்துவிட்டது. 1996 முதல்தான் அக்டோபர் கடைசி வரை நீண்டது. ஆகவே 1990 அக்டோபர் 15, காலை 10 மணிக்குப் பாரிஸில் பிறந்த பிள்ளைக்கு நம் நேரம் பிற்பகல் 2.30. 2000 அக்டோபர் 15, அதே 10 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு 1.30. மாதமும் தேதியும் ஊரும் ஒன்றே. ஆண்டு மட்டும் வேறு.

நம் ஊரிலேயே பிறந்தவர்களுக்கும் இது உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள். அக்காலத்தில் கடலூரில் பிறந்த பெரியவரின் குறிப்பில் காலை 6.30 என்று இருந்தால் இன்றைய கணக்கில் அது 5.30. குறிப்பில் உதயாதி நாழிகை எழுதியிருந்தால் கவலை இல்லை. அது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது, கடிகாரத்தின் மாற்றம் அதைத் தொடாது.

என் கேள்வி: இந்தப் பழைய விதிகளை எல்லாம் இணையக் கருவிகள் அறியுமா? அல்லது நான் இன்றும் கையால் எழுதி வைத்திருக்கும் அட்டவணையைத்தான் நம்ப வேண்டுமா?

---

புவியியல் ஆசிரியர் (ஓய்வு), முத்தியால்பேட்டை
9 அக்டோபர் 2025, காலை 7.10

நல்ல கேள்வி, ஐயா. நல்ல கருவிகள் அறியும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே தரவுத்தொகுப்பு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கி வளர்த்தது; இப்போது பால் எக்கர்ட் ஒருங்கிணைப்பில், ஐயானா என்ற இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பின் கீழ் பொதுவில் வெளியாகிறது. கைப்பேசிகளும் பல கணினிகளும் பல இணையத் தளங்களும் அதிலிருந்தே விதிகளை எடுக்கின்றன. அதில் ஒவ்வொரு மண்டலமும் ஓர் ஊரின் பெயரால் அமைந்திருக்கும்: யூரோப்/பாரிஸ், ஏசியா/கொல்கத்தா என்பது போல. குறிப்பாக 1970 முதல் இன்றுவரை எந்த நாளில் கடிகாரம் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கவனமாகத் தொகுத்திருக்கிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட 1995, 1996 மாற்றமும், போர்க்கால ஒரு மணி நேரமும் அதில் உண்டு. ஆனால் அதன் பயன் தேதியையும் ஆண்டையும் கொடுத்தால்தான் கிடைக்கும். 1970க்கு முந்தைய பிறப்புகளுக்கு உங்கள் அட்டவணையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. அதைக் கைவிட வேண்டாம்.

புதுச்சேரியில் பிறந்த பெரியவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 1954 நவம்பர் 1 வரை இந்த ஊர் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. ஏசியா/கொல்கத்தா மண்டலத்தின் பழைய விதிகள் பிரிட்டிஷ் இந்தியாவின் கடிகாரத்தைப் பின்பற்றியவை. கடலூருக்கு அவற்றைப் பொருத்துவது போலப் புதுச்சேரிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. பிறப்புப் பதிவில் உள்ள குறிப்பை முதலில் பார்க்க வேண்டும்.

நம் நேரத்தின் அரைமணிக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். 1906க்கு முன் இப்பகுதி ரயில்கள் சென்னை வான்காணகத்தின் நேரத்தில் ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பிறகு 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு ஐந்தரை மணி என்று வகுத்தார்கள். கடலூர் அந்தக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால், அங்கே உண்மையான தல நேரம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 11 நிமிடம் பின்தங்கியே இருக்கும். ஜாதகம் கணிப்பவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்.

கைப்பேசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அரசுகள் விதியை மாற்றும்போது தரவுத்தொகுப்பும் புதுப்பிக்கப்படுகிறது. 2022இல் மெக்சிகோ பெரும்பாலான பகுதிகளில் கோடை நேரத்தை நிறுத்தியது. 2023இல் எகிப்து அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத கைப்பேசி இந்த ஊர்களுக்குப் பழைய விதியையே காட்டிக்கொண்டிருக்கலாம்.

---

வில்லியனூரான்
9 அக்டோபர் 2025, காலை 11.20

ஜாதகம் பேசியதால் கேட்கிறேன். பாரிஸில் இருக்கும் என் அத்தை மகன், மாமாவின் திதியை நம் நாள்காட்டியைப் பார்த்தே செய்கிறார். நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமா?

---

திருப்பாப்புலியூரான்
9 அக்டோபர் 2025, பிற்பகல் 1.45

போதாது, தம்பி. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. இம்மாதம் 21ஆம் தேதி அமாவாசை திருக்கணிதப்படி நம் நேரம் மாலை ஏறத்தாழ 5.55க்கு முடிகிறது, அதே கணம் பாரிஸில் பிற்பகல் 2.25. இதுவரை நேர மாற்றிக் கருவி செய்துவிடும். ஆனால் எந்த நாளில் செய்வது என்பது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தையும் பிற்பகலையும் பொறுத்தது. நமக்கு விடியற்காலை 4 மணிக்கு முடியும் திதி, குளிர்காலத்தில் பாரிஸில் முதல் நாள் இரவு 11.30க்கே முடிந்திருக்கும்; தேதியே மாறிவிடுகிறது பாருங்கள். ஆகவே பாரிஸ் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பஞ்சாங்கம் காட்டும் தளத்தில் பார்த்து, குடும்பப் புரோகிதரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதுதான் முறை. வாக்கியப் பஞ்சாங்கம் பின்பற்றும் வீடுகளில் கணமும் சற்று மாறும் என்பதால் அதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

---

லாஸ்பேட்டை வாசகி
9 அக்டோபர் 2025, இரவு 8.30

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மகனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து, தேதி கொடுத்துப் பார்த்தோம். 24ஆம் தேதிக்கு 1.30, 28ஆம் தேதிக்கு 2.30 என்று கண்ணெதிரே மாறியது. நாள்காட்டியில் பாரிஸ் நேரமாகவே பதிந்துவிட்டான். ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டு அடிக் கணக்கையும் தாளில் போட்டுப் பார்த்தான், ஒத்துப்போகிறது. “28 அக்டோபர், பாரிஸில் 10.00, இந்தியாவில் 14.30 என்று புரிந்துகொள்கிறேன்” என்று கல்லூரிக்கு ஒரு வரி எழுதினோம். சரி என்று பதிலும் வந்துவிட்டது.

சான்றிதழ் பதிவேற்றம்தான் மிச்சம். 26ஆம் தேதி மாறுகிற நாள் என்பதால் பயமாக இருக்கிறது.

---

மஞ்சக்குப்பம் இரவுப்பணி
9 அக்டோபர் 2025, இரவு 9.10

நல்லது, அம்மா. கல்லூரியிடமே எழுதிக் கேட்டுக்கொண்டீர்களே, அதைவிட உறுதி வேறில்லை.

பதிவேற்றத்துக்கு வருகிறேன். அன்று பாரிஸில் அதிகாலை 3 மணி ஆனதும் கடிகாரம் 2 மணிக்குத் திரும்பும். அதனால் அதிகாலை 2.30 என்ற நேரம் அங்கே இரண்டு தடவை வரும்: முதல் தடவை நமக்குக் காலை 6 மணி, இரண்டாம் தடவை 7 மணி. அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழும் கெடுவாக இருந்தால் எந்தக் கருவியிலும் ஐயம் வரும். உங்களுடையது அன்று இரவு 23.59. அதற்குள் மாற்றம் முடிந்து பாரிஸ் குளிர்கால நேரத்துக்கு வந்துவிட்டிருக்கும். 23.59இலிருந்து ஒன்றைக் கழித்தால் யூ.டி.சி. 22.59, ஐந்தரை கூட்டினால் நமக்கு அக்டோபர் 27, திங்கட்கிழமை, விடியற்காலை 4.29.

தேதி 27 என்று வருவதைப் பார்த்து இன்னும் ஒரு நாள் முழுதாக இருக்கிறது என்று மகன் நினைத்துவிடக் கூடாது. ஞாயிறு இரவு படுக்கப் போவதற்கு முன்பே பதிவேற்றம் முடிந்து, பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் முத்திரை வைத்த பக்கங்களை இப்போதே ஒளிவருடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீபாவளி விடுமுறையில் ஜெராக்ஸ் கடைகள் அடைத்திருக்கும்.